பிக்கப் வண்டியின் இரும்பு பம்பருக்குப் பெயர் என்ன?

அன்பர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் காக்கி புக்கிட், துவாஸ் பக்கம் பட்டறை வேலை பார்ப்பவர்களுக்காகத் தொகுக்கும் சொற்பட்டியலில் ‘பம்பர்’ என்றால் ‘மோதுதாங்கி’ என்று போட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டோம். கம்பெனி பொருத்தி அனுப்பும் பம்பருக்கு அது சரி. தகடு வெட்டி, வெல்டு வைத்து நாமே செய்யும் பம்பருக்குப் பொருந்தாது என்பது என் கட்சி.

கம்பெனி பம்பரைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஒரு பொருள் அல்ல. வெளியில் தெரிவது பிளாஸ்டிக் மூடி. அது எதையும் தாங்காது. அதன் பின்னால் குறுக்கே ஓர் உலோக விட்டம். பல வண்டிகளில் விட்டத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் (சேசிஸ்) நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக, மெல்லிய தகட்டுக் குழல் இருக்கும். ‘க்ரஷ் கேன்’ என்பார்கள். முட்டும்போது அது மடிப்பு மடிப்பாக உள்வாங்கி, அடியின் பெரும்பங்கைத் தானே தின்றுவிடும்.

இரும்பு பம்பர் செய்பவர் இந்த மூன்றையும் கழற்றிவிட்டு, அடிச்சட்டத்தின் நுனியில் நேராக போல்ட் போடுகிறார். அடி இனி நேரே அடிச்சட்டத்துக்குப் போகும். காற்றுப்பையை எப்போது விரிப்பது என்ற கணக்கும், பழைய முகப்பு எவ்வளவு வேகமாக நசுங்கும் என்பதை வைத்துப் போட்டதுதான். அதுவும் ஆட்டம் காணும். ஆகவே இந்தப் பொருள் தாங்கி இல்லை. அடிச்சட்டத்தை முன்னால் ஒரு சாண் நீட்டியது. ‘முன்சட்டம்’ என்று தனிச்சொல்லாக வைப்போம். அந்தச் சொல்லைப் பார்த்தாலே, எதைக் கழற்றிவிட்டு எதை மாட்டுகிறோம் என்று வேலைக்காரருக்குத் தெரிய வேண்டும்.

க்ரஷ் கேனுக்குப் பட்டியலில் ‘நொறுங்குபெட்டி’ என்றிருக்கிறது. கண்ணாடி நொறுங்கும், மைலோ டின்னை மிதித்தால் நசுங்கும். இது இரண்டாவது வகை. ‘நசுங்குகுழல்’ என்று மாற்றலாமா?

— கு.

*

கு. அண்ணா,

நசுங்குகுழலுக்கு என் ஓட்டு. முன்பு ஒருவர் சொன்ன ‘இடியுண்ணி’ வேண்டவே வேண்டாம். நாய்க்காதில் ஒட்டியிருப்பதுதான் நினைவுக்கு வருகிறது. ‘இடிதாங்கி’யை மின்னலுக்குக் கொடுத்தாகிவிட்டது.

முன்சட்டம் எழுத்தில் நிற்கும், வாயில் நிற்காது. பம்பர் பரிசு வரைக்கும் ஊறிவிட்ட சொல்லை எடுக்க முடியாது. பேச்சில் ‘இரும்பு பம்பர்’, வரைபடத்தில் ‘முன்சட்டம்’ என்று இரண்டையும் போடுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. வண்டி சேற்றில் மாட்டினால் ஷாக்கிள் (ஊசி போட்டுப் பூட்டும் இரும்பு வளையம்) போட்டு இழுக்கும் இடத்துக்கு ‘மீட்புப் புள்ளி’ என்று எழுதியிருக்கிறோம். புள்ளியில் எப்படி ஐயா ஷாக்கிள் மாட்டுவது?

— ர.

*

வணக்கம்.

பட்டறையில் அதைக் ‘காது’ என்போம். ஆனால் ‘இழுகாது’ என்று எழுதினால் ‘இழுக்காது’ என்று படித்துவிடுவார்கள். ‘இழுகண்’ சரியாக வரும்: துளை இருப்பது தெரிகிறது, எதற்கு என்பதும் தெரிகிறது.

பட்டியலில் சொல்லுக்குக் கீழே இரண்டு வரி விளக்கம் சேர்ப்பதானால், இழுகண்ணுக்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும். அது பிய்ந்தால் ஷாக்கிள் குண்டுபோலப் பறக்கும். 3/4 அங்குல வில் ஷாக்கிளின் பாதுகாப்புச் சுமை 4.75 டன், ஊசி 22 மி.மீ., வாய் சுமார் 32 மி.மீ. அதற்குக் கண்தகடு 25 மி.மீ. தடிமன், துளை 24 அல்லது 25. துளைக்கு வெளியே எல்லாப் பக்கமும் துளை விட்டம் அளவுக்காவது இரும்பு மிஞ்ச வேண்டும். முன்சட்டத்தின் முகத்தகட்டின் மேல் கண்தகட்டை நிறுத்தி வெல்டு வைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. நேராக இழுத்தால் நிற்கும், பக்கவாட்டில் இழுத்தால் 5 மி.மீ. முகத்தகட்டையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வரும். முகத்தகட்டில் காடி வெட்டி, கண்தகட்டை உள்ளே நுழைத்து, முன்னும் பின்னும் வெல்டு வைத்து, வால்பகுதியை, முன்சட்டத்தை அடிச்சட்டத்தோடு பிடிக்கும் பிடிதகட்டோடு இணைக்க வேண்டும்.

பிடிதகடு 10 மி.மீ. அடிச்சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் 10.9 தர எம்12 போல்ட், பக்கத்துக்குக் குறைந்தது நான்கு வேண்டும். அடிச்சட்டத்தில் வெல்டு வைக்கக் கூடாது. அது உறுதி கூட்டிய எஃகு, சூடுபட்ட இடத்தில் குணம் மாறும். பெட்டிச் சட்டத்தைக் குறுக்கே துளைத்துப் போகும் போல்ட்டுக்கு உள்ளே குழல் செருகாவிட்டால், இறுக்க இறுக்கச் சட்டத்தின் சுவர் உள்ளே அமுங்கும். போல்ட்டும் சில நாளில் தளரும். இந்தக் குழலுக்கு ‘உட்குழல்’ போதும்.

முகத்தகட்டுக்கு 5 மி.மீ. தாராளம். 8 மி.மீ. கேட்பவரிடம் கணக்கைக் காட்டுங்கள்: 5 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 39 கிலோ, 8 மி.மீ. என்றால் 63. முடிந்த முன்சட்டம் 60 கிலோ, அது முன் அச்சுக்கு 0.8 மீட்டர் முன்னால் தொங்குகிறது, அச்சிடைத் தூரம் 3.1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன் அச்சில் ஏறும் சுமை சுமார் 75 கிலோ. பின் அச்சில் 15 கிலோ குறையும். கழற்றிய பழைய பம்பரின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். அப்போதும் முன்பக்கம் இறங்கும், விளக்கு ஒளியின் கோணம் மாறும். இங்கே சரக்கு வண்டியின் பக்கவாட்டில் வெற்று எடையை எழுதி வைக்கிறோமே, அந்த எண்ணும் பொய்யாகிவிடும்.

‘டேக்’ வெல்டுக்குப் பட்டியலில் ‘தற்காலிகப் பற்றவைப்பு’ என்று நீட்டியிருக்கிறார்கள். ‘பொட்டு’ போதும். எல்லா மூட்டுக்கும் பொட்டு வைத்து முடித்து, வண்டியில் ஒருமுறை தூக்கி மாட்டிப் பார்க்க வேண்டும். உடல்தகட்டுக்கும் இதற்கும் 15 முதல் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள், உடல்பகுதி ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் ஓட்டத்தில் ஆடும், ஒட்டி வைத்தால் பெயிண்ட் உரியும். பிறகு இறக்கி, சட்டகத்தில் (வேலையை அசையாமல் பிடிக்கும் ஜிக்) போல்ட் போட்டுப் பிடித்துக்கொண்டு, 50 மி.மீ. நீளமாக இடமும் வலமும் மாற்றி மாற்றி வெல்டு. ஒரே மூச்சில் ஓட்டினால் வெல்டு வைத்த பக்கமாக வளைந்துகொள்ளும், அப்புறம் போல்ட் துளைகள் ஒன்றோடொன்று நேராக வராது. ஆறுகிற வரைக்கும் சட்டகத்தை அவிழ்க்கக் கூடாது. வண்டியில் மாட்டியபடியே பொட்டு வைப்பதானால் பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள்.

நம் ஊர் ஈரத்துக்குத் துத்தநாக முழுக்கு (உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது) நல்லது. ஆனால் மூடிய பெட்டிப் பகுதியைத் துளையில்லாமல் அனுப்பினால், 450 பாகை தொட்டியில் உள்ளிருக்கும் காற்றும் ஈரமும் விரிந்து வெடிக்கும். ஒவ்வோர் அறைக்கும் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை வேண்டும். கீழ்த்துளை பிற்பாடு மழைநீர் வடியவும் உதவும். ‘வடிதுளை’ என்ற சொல் பட்டியலில் இல்லை, சேருங்கள்.

— செ.

*

செ. அண்ணா, ர. தம்பி, இருவருக்கும் நன்றி.

நசுங்குகுழல், இழுகண், பிடிதகடு, உட்குழல், பொட்டு, வடிதுளை ஏறுகின்றன. ‘முன்சட்டம் (பேச்சில்: இரும்பு பம்பர்)’ என்று எழுதி, நசுங்குகுழலோடு ஒப்பிடச் சொல்லி ஒரு குறிப்பு. அதற்குக் கீழேயே, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மாற்றியமைப்பு விதிகளைப் பார்க்காமல் பொதுச் சாலையில் ஓடும் வண்டியில் மாட்டக் கூடாது என்ற வரியும் வரும். பட்டியலைப் படித்துவிட்டு யாராவது இன்றைக்கே தகடு வெட்டக் கிளம்பிவிடப் போகிறார்கள்.

மிச்சம் வின்ச், அதாவது வடத்தை உருளையில் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி. ‘பாரந்தூக்கி’ கிரேனுக்குப் போய்விட்டது, ‘கப்பி’ வேறு பொருள். ‘வடச்சுருட்டி’ எனக்குப் பிடித்திருக்கிறது: தேர்வடமும் வடம்தான், கம்பிவடமும் வடம்தான். விளக்கத்தில், பெட்டியில் அச்சிட்ட இழுவிசை உருளையின் முதல் சுற்றுக்கு மட்டும் என்பதை மறக்காமல் போடுங்கள். வடம் அடுக்கடுக்காக ஏற ஏற விசை குறையும். வேறு சொல் இருப்பவர்கள் வெள்ளிக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் ‘வின்ச்’ என்றே விட்டுவிடுகிறேன்.

— கு.