புதுப்பிப்பு: தஞ்சையிலிருந்து ஒரே நாளில் சித்தன்னவாசல்

புதுக்கோட்டை அருகே பழைய சமணக் குகையும் குகை ஓவியமும் உள்ள சித்தன்னவாசலுக்கு அம்மாவோடு ஒரே நாளில் போய்வர முடியுமா, அங்குள்ள பெருங்கற்காலக் கல்லறைகளையும் (பெரிய கற்களை வைத்து அமைத்த பழங்காலப் புதைகுழிகள்) பார்க்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி, போய்வந்துவிட்டோம்.

“வெயில் ஏறுமுன் ஏழடிப்பட்டம் (மலைமேல் உள்ள குகை), ஓவியம் பிறகு” என்ற யோசனைதான் கைகொடுத்தது. விடியற்காலை பஸ்ஸில் புதுக்கோட்டை, அங்கிருந்து சுமார் 16 கிலோமீட்டர் ஆட்டோ. மேலே குகைப் பாறையில் சமணத் துறவிகளுக்கான 17 கற்படுக்கைகள். வழவழவென்று தேய்த்து, தலைமாட்டில் தலையணைபோல் மேடு விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றில் தமிழ் பிராமி எழுத்து, அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்துவடிவம். 2,000 ஆண்டுப் பழமை! அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரைக் கோயிலின் விதானத்தில் தாமரைக்குள ஓவியம் மங்கியிருந்தாலும் அழகு குறையவில்லை.

எதிர்பாராதது: கல்லறைகள் மலைமேல் இல்லை, கீழே பொட்டலில் இருக்கின்றன. முட்செடிகளுக்கு நடுவே கல்வட்டங்கள், சரிந்த பலகைக்கற்கள். தேடிப் பார்க்கத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அம்மா அங்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார்.