குறுக்கீடா, இடையூறா, தொல்லையா?

எல்.ஈ.டி. பல்பைப் போட்டால் ரேடியோ கரகரக்கிறதே, ஆங்கிலத்தில் 'ரேடியோ இன்டர்ஃபியரன்ஸ்' என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சு இது.

> 'ரேடியோ குறுக்கீடு' என்றே எழுதிவிடலாமே. புரியத்தானே செய்கிறது?

புரியும் ஐயா. ஆனால் அந்தச் சொல்லில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறார். யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையில் ஒளியலைகள் கலந்து வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் விழுகின்றனவே, பள்ளிப் பாடநூலில் அதுதான் குறுக்கீட்டு விளைவு. இரண்டுக்கும் 'இன்டர்ஃபியரன்ஸ்' என்று ஒரே பெயர் வைத்தது ஆங்கிலத்தின் பாடு. அந்தக் குழப்பத்தை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

நம் எல்.ஈ.டி. பல்பு என்ன செய்கிறது? அடியில் இருக்கும் டிரைவர் சர்க்யூட் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடுகிறது. 60 கிலோஹெர்ட்ஸில் வெட்டினால் 120, 180 என மடங்குகள் ஏறி, பன்னிரண்டாவது மடங்கு சரியாக 720-இல் போய் உட்காரும். சென்னை வானொலியின் மத்திய அலை அது! வீட்டு வயரிங்கே ஏரியலாகிவிடுகிறது. இதைத் தடுக்கக் கம்பிச்சுருளும் கெப்பாசிட்டரும் இருக்க வேண்டிய இடம், மலிவு பல்புகள் பலவற்றில் காலியாகவே கிடக்கிறது. எங்கள் வராந்தா பல்பைப் போட்டால் மாநிலச் செய்தி போய் கரகரப்புதான் மிஞ்சும்.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் சொற்களஞ்சியம் இதை இரண்டாகப் பிரிக்கிறது: ஒரு கருவி வெளியே விடுவது ஒன்று, அதனால் இன்னொரு கருவியின் வேலை கெடுவது வேறொன்று. அதே ஆணையத்தின் சிஸ்பர் குழு விளக்குகளுக்கு வகுத்த 'சிஸ்பர் 15' தரம் வரம்பு கட்டுவது முதலாவதற்கு. ஆகவே நமக்கும் இரண்டு சொல் வேண்டும்.

பின்னதற்கு 'வானொலி இடையூறு'. முன்னதற்கு 'அலைக்கசிவு' என்று வைக்கலாமா?

> கசிவு வேண்டாம். ஷாக் அடிக்கும் வீட்டில் எலக்ட்ரீஷியன் தேடுவது கசிவு மின்னோட்டத்தை. இரண்டும் ஒரே வயரில் வந்து முட்டும். 'அலைச்சிதறல்'?

கசிவைக் கைவிட்டேன். சிதறலும் ஆகாது; வானம் ஏன் நீலம் என்று கேட்டால் அதைத்தான் சொல்கிறோம். 'அலைத்தொல்லை' எப்படி? பல்பு கொடுப்பது தொல்லை, ரேடியோவுக்கு நேர்வது இடையூறு. 'அலைத்தொல்லை வரம்பு', 'அலைத்தொல்லை வடிகட்டி' என்று ஒட்டிப் பார்த்தேன், நாக்கில் இடறவில்லை.

> தொல்லை கொஞ்சம் பேச்சுவழக்காக இல்லையா? சரி, இரைச்சலை எங்கே வைப்பீர்கள்?

பேச்சுவழக்காக இருப்பதால்தான் கேட்கிறேன். இரைச்சல் காதில் விழுவது. அதை அப்படியே விட்டுவிடுவோம். எங்கள் தெரு எலக்ட்ரீஷியனிடம் மூன்றையும் சொன்னேன். "நாய்ஸ் அடிக்குதுன்னு சொல்லுங்க சார்" என்றார்.