எம்ஐடி உரிமம் போடலாமா? பைக்யூடி6, பைமுபிடிஎஃப் சேர்த்திருக்கிறேன்

கேட்டவர்:
வணக்கம். பிடிஎஃப் பக்கங்களைப் பிரிக்க, சேர்க்க, சிறு படங்களாகப் பார்த்து வரிசை மாற்ற பைத்தானில் ஒரு சின்ன மென்பொருள் எழுதியிருக்கிறேன். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருக்கிறது, உரிமக் கோப்பு மட்டும் இன்னும் வைக்கவில்லை. கம்பெனிகள் உட்பட யார் வேண்டுமானாலும் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளட்டும் என்பது என் ஆசை. அதனால் தளர்வான உரிமமான எம்ஐடி போடலாம் என்றிருக்கிறேன். முகப்புக்கு பைக்யூடி6, பக்கத்தைப் படமாக்க பைமுபிடிஎஃப் என்று இரண்டு நூலகங்களை (பிறர் எழுதிய ஆயத்த நிரல்கள்) சேர்த்திருக்கிறேன். விண்டோஸுக்கு ஒரே இஎக்ஸ்இ கோப்பாகவும் தரப்போகிறேன். பக்கம் சுழற்றும் பகுதி நண்பர் எழுதியது. சிக்கல் ஏதும் வருமா?

பதில் 1:
உரிமக் கோப்பு இல்லாதவரை மற்றவர்கள் நிரலைப் பார்க்கலாம், கிட்ஹப்புக்குள் ஃபோர்க் (தங்கள் கணக்கில் நகல்) செய்யலாம், அவ்வளவுதான். தங்கள் மென்பொருளில் சேர்க்க அனுமதி கிடையாது. அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் சிக்கல் அந்த இரண்டு நூலகங்களில்தான். பைக்யூடி6 ஜிபிஎல் 3, பைமுபிடிஎஃப் ஏஜிபிஎல் 3. இவற்றைச் சேர்த்து வெளியிடும் மென்பொருளையும் அதே உரிமத்தில், மூலநிரலோடு தர வேண்டும் என்பது இந்த உரிமங்களின் நிபந்தனை. அந்த உரிமங்கள் வேண்டாம் என்றால் காசு கொடுத்து வணிக உரிமம் வாங்க வேண்டும். நீங்கள் எழுதிய வரிகளுக்கு எம்ஐடி போடத் தடையில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தால் அந்த நிபந்தனைகள் மொத்தத் தொகுப்புக்கும் வரும். எம்ஐடி என்று நம்பி, மூலநிரலை வெளியிடாத மூடிய மென்பொருளில் சேர்க்கும் கம்பெனிதான் மாட்டிக்கொள்ளும். அது நியாயமில்லை.

கேட்டவர்:
நூலகங்களை மாற்றிவிட்டால்?

பதில் 2:
தாராளமாக. பைக்யூடி6-க்குப் பதிலாக பைசைட்6 இருக்கிறது, அது ஜிபிஎல்லைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லில் கிடைக்கிறது. பெரும்பாலான அழைப்புகள் அப்படியே ஓடும். சிக்னல், ஸ்லாட் பெயர்களையும் இம்போர்ட் வரிகளையும் திருத்தினால் பெரும்பகுதி முடிந்தது. ஒரே இஎக்ஸ்இயாக அடைக்காமல் கோப்புறையாகக் கட்டுங்கள். பயனர் பைசைட்6-க்கு அடியில் இருக்கும் கியூடி நூலகத்தை மாற்றிப் போட்டுக்கொள்ள வழி வேண்டும் என்று எல்ஜிபிஎல் கேட்கிறது. பிரிக்க, சேர்க்க எம்ஐடி போலவே தளர்வான பிஎஸ்டி உரிமத்தில் பைபிடிஎஃப் போதும், ஆனால் அது பக்கத்தைப் படமாக்காது. அதற்கு பைபிடிஎஃப்பியம்2 இருக்கிறது, அதுவும் தளர்வான உரிமம்தான்.

அப்புறம் நண்பர் எழுதிய பகுதியின் காப்புரிமை (காப்பிரைட்) அவருடையது. எம்ஐடிக்குச் சம்மதம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். பங்களிப்பவர்கள் கூடக் கூட இது கடினமாகும்.

பதில் 1:
கம்பெனிகள்தான் குறி என்றால் இன்னொரு தளர்வான உரிமமான அப்பாச்சி 2.0-வையும் பாருங்கள். எம்ஐடியில் காப்புரிமை மட்டுமே பேசப்படுகிறது, பேட்டன்ட் (கண்டுபிடிப்பு மீதான உரிமை) பற்றி வெளிப்படையாக எதுவும் இல்லை. அப்பாச்சி அதற்கும் தெளிவாக அனுமதி தருகிறது. ஒரே குறை, ஜிபிஎல் 2 மட்டும் என்றிருக்கும் நிரலோடு அது சேராது. உங்களுக்கு அந்தத் தேவை இருப்பதாகத் தெரியவில்லை.

கேட்டவர்:
அப்பாச்சியே போடுகிறேன். நண்பரிடம் அதற்கே சம்மதம் கேட்டிருக்கிறேன். அவர் பதில் வந்ததும், இரண்டு நூலகங்களையும் மாற்றி உரிமக் கோப்போடு வெளியிடுகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.