ஐஸ்லாந்து மாதிரி நம்ம கடற்கரையில செஸ் வளக்க முடியுமா?

குளச்சல்காரன்:
ஐஸ்லாந்துல மொத்த சனமே 4 லட்சம் தேறாது. நம்ம குமரி மாவட்டத்துல 2011 கணக்குப்படியே 18.7 லட்சம். ஆனா கிராண்ட்மாஸ்டரை எண்ணினா அவங்களுக்கு ரெண்டு கை விரல் போதாது. அங்க எப்படித் தொடங்கினாங்க? இங்க சர்ச்சுப் பங்கு மண்டபம் இருக்கு, 40 பிள்ளைகள் இருக்கு. ஐப்பசி மழைக்கு முன்னால ஒரு போட்டி வைக்கணும்.

ஒத்தைக்குதிரை:
அங்க முதல்ல வந்தது கிளப் அண்ணாச்சி. தலைநகர் ரெய்க்யவிக்ல செஸ் கிளப் 1900-ல. வில்லார்ட் ஃபிஸ்க்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் போர்டும் புத்தகமும் கொடுத்து உதவினார். வடக்கே கிரிம்சேங்கிற மீன்பிடித் தீவுக்கும் செட் அனுப்பினார். தேசிய சாம்பியன்ஷிப் 1913-ல, கூட்டமைப்பு 1925-ல. முதல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ரித்ரிக் ஓலாஃப்சன் 1958-ல. பிறகு உலக செஸ் அமைப்பான ஃபிடேக்குத் தலைவராவும் இருந்தார். எல்லாரும் 1972-ல ரெய்க்யவிக்ல நடந்த ஃபிஷர்–ஸ்பாஸ்கி உலக சாம்பியன் போட்டியில இருந்துதான் கதை சொல்லுவாங்க. கிளப்புக்கு அப்பவே 70 வயசு தாண்டிருச்சு!

கறுப்புக்கட்டம்:
போட்டிக்கு வாரேன். 40 பேருன்னா ஸ்விஸ் முறையில (யாரையும் வெளியேத்தாம, ஒரே அளவு புள்ளி உள்ளவங்களை மோத விடுறது) 6 ரவுண்ட். ஆளுக்கு 15 நிமிஷமும் நகர்த்தலுக்கு 10 விநாடியும் வச்சா, 60 நகர்த்தலுக்கு ரவுண்ட் 50 நிமிஷம். ஒன்பதரைக்குத் தொடங்கினா சாப்பாட்டோட நாலு மணி ஆயிரும். பதிவை 9 மணிக்கே மூடிருங்க. பிந்தி வர்றவனுக்காக முதல் ரவுண்டைத் திருப்பிப் போட்டா நாளே போச்சு.

ஒத்தைப்படையா வந்தா ஜோடியில்லாத ஒருத்தருக்கு பை, அதாவது ஆடாமலே 1 புள்ளி. அதே பிள்ளைக்கு ரெண்டாவது பை கூடாது. ஜோடியைக் கையால எழுதாதீங்க. நாலாவது ரவுண்டுல பழைய ஜோடியே திரும்ப வரும், ஒருத்தனுக்கு மூணு தடவை வெள்ளை விழும். ஸ்விஸ் மேனேஜர்ங்கிற கம்ப்யூட்டர் புரோகிராம்ல போடுங்க.

வினைல் போர்டுல கட்டம் 5–6 செ.மீ., ராஜா 9.5 செ.மீ. அடியில கனம் வச்ச காய் பாத்து வாங்குங்க. கடக்காத்துல ஜன்னல் பக்கத்து போர்டு மடங்கி எழும்பும், நாலு மூலையும் டேப் ஒட்டணும். கடிகாரம் 20, உதிரி 2. முடிஞ்ச உடனே பேட்டரியைக் கழட்டலைன்னா உப்புக்காத்துல கிளிப் பச்சை பூத்துரும்.

சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனா ராணியா மாத்த, செட்டுக்கு ரெண்டு உதிரி ராணி வேணும். இல்லைன்னா பிள்ளைகள் யானையைக் கவுத்து வச்சு ராணிம்பாங்க. கவுத்தாலும் அது யானைதான். சண்டை அங்கதான் வரும். கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டர்ட்ட (நடுவர்) ராணி கேக்கணும்னு காலையிலயே சொல்லிருங்க.

குளச்சல்காரன்:
இதுல பிள்ளைகளுக்கு ஃபிடே ரேட்டிங் (ஆட்டத் திறமைக்கான புள்ளிக்கணக்கு) கிடைக்குமா?

ஒத்தைக்குதிரை:
சும்மா கிடைக்காது. செஸ் சங்கம் வழியா ஃபிடேயில பதிவு செய்யணும், தகுதியுள்ள ஆர்பிட்டர் வேணும். அதுபோக புதுப் பிள்ளை ரேட்டிங் உள்ளவங்களோட 5 ஆட்டமாவது ஆடியிருக்கணும்; நாப்பதும் புதுசுன்னா ஒருத்தருக்கும் வராது. 2024 மார்ச்ல இருந்து ரேட்டிங்கோட அடிமட்டமே 1400, அதுக்குக் கீழ ரேட்டிங்கே இல்லை. பதிவுக்கு ஆகுற பணத்தைக் கடிகாரத்துல போடுங்க. வாராவாரம் ஆடும்போதே ஸ்கோர் ஷீட் (ஒவ்வொரு நகர்த்தலையும் குறிச்சு வைக்கிற தாள்) எழுதப் பழக்குங்க, இந்த மாதிரி ரேப்பிட்ல (வேக ஆட்டம்) கேக்க மாட்டாங்க, நீண்ட ஆட்டத்துல எழுதியே ஆகணும்.