மறு: ‘ஸ்கோப் ஆஃப் பிராக்டிஸ்’ – பணிப்பரப்பு என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு செவிலியர் சட்டப்படி எதையெல்லாம் செய்யலாம் என்பதைக் குறிக்கும் ‘ஸ்கோப் ஆஃப் பிராக்டிஸ்’ என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை ஒருசேரப் படித்தேன். பணி எல்லை, தொழில் வரம்பு, செயல்வீச்சு, நடைமுறை நோக்கம், பயிற்சியின் நோக்கம். கடைசி இரண்டும் மொழிபெயர்ப்பு இயந்திரம் போட்டுக்கொடுத்தவை. சிரித்துவிட்டு நகரலாம்தான். ஆனால் இன்றைக்கு ஒரு செவிலிய மாணவி இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது இவைதாம் என்பதால் இவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆங்கிலத்தில் பிராக்டிஸ் என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. கிரிக்கெட் வலைக்குள் நடப்பதும் பிராக்டிஸ், வக்கீல் நீதிமன்றத்தில் செய்வதும் பிராக்டிஸ். இயந்திரம் முதலாவதைப் பிடித்துக்கொண்டது. அதனால் ‘அட்வான்ஸ்டு பிராக்டிஸ் நர்ஸ்’ அதன் கையில் ‘மேம்பட்ட பயிற்சி செவிலியர்’ ஆகிவிட்டார். நம் ஊரில் பயிற்சி மருத்துவர் என்றால் ஹவுஸ் சர்ஜன். பயிற்சிச் செவிலியர் என்றால் இன்னும் படிப்பை முடிக்காதவர். முதுநிலைப் படிப்பு முடித்து, தனித் தேர்வு எழுதி, தானே நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் ஒருவரை இந்தச் சொல் மறுபடி வகுப்பறைக்கு அனுப்புகிறது. ஆகவே ‘பயிற்சி’ வேண்டாம். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன்.

‘தொழில்’ என்று வைத்தால் என்ன என்று குழுவில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். வக்கீல் தொழில், டாக்டர் தொழில் என்பதெல்லாம் சரிதான். ஆனால் செவிலியரைப் பொறுத்தவரை ‘பணி’ என்பதுதான் பழகியிருக்கிறது. தவிர, தொழிலை வேறு இடங்களுக்குச் சேமித்துவைக்க வேண்டும். தொழில் ஒழுக்கம், தொழில் தவறு, தொழிற்காப்பீடு என்று அடுத்தடுத்துத் தேவைப்படும்.

இனி சிக்கலான பாதி, ‘ஸ்கோப்’. இழையில் ஒருவர் கேட்டது:

> ‘எல்லை’ என்றாலே விளங்குகிறதே, எதற்குப் புதுச்சொல்?

எல்லை என்றால் ஒரு கோடு. இதுவரை வரலாம், இதற்கு மேல் கூடாது என்று சொல்லும். இந்தத் துறையில் நடப்பதைப் பார்த்தால் ஒற்றைக் கோடு போதாது என்று படுகிறது. அமெரிக்காவையே எடுத்துக்கொள்கிறேன். சொல்லும் அங்கிருந்துதான் வருகிறது, சண்டையும் அங்கேதான் அதிகம்.

1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் செவிலியர்) படிப்பைத் தொடங்கினார்கள். அது வளர்ந்து, மாநிலத்துக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு சட்டம் என்று சிதறிக்கிடந்தது. 2008-ல் செவிலிய அமைப்புகள் கூடி ஒரு பொது மாதிரியை வகுத்தன. அதன்படி அட்வான்ஸ்டு பிராக்டிஸ் நர்ஸ்களில் நான்கு வகையினர்: நர்ஸ் பிராக்டிஷனர், மயக்கவியல் செவிலியர், பேறுகாலச் செவிலியர், துறை வல்லுநர் செவிலியர். இதன்மேல் ஆறு மக்கள் பிரிவுகள்: குடும்பம், வயதுவந்தோர்–முதியோர், குழந்தைகள், பச்சிளங்குழந்தைகள், பெண்கள் நலம், மனநலம். ஒருவர் எந்த வகையில், எந்தப் பிரிவில் படித்துச் சான்று பெற்றாரோ, அதற்குத்தான் உரிமம்.

இது நடைமுறையில் எப்படி இடிக்கும் என்று பாருங்கள். வயதுவந்தோர்–முதியோர் பிரிவில் சான்று பெற்றவர் ஒருவர் அவசரச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவரிடம் பதிவுபெற்ற செவிலியர் என்ற அடிப்படை உரிமமும் இருப்பதால், செவிலியராக என்ன செய்யலாமோ அதைச் செய்யலாம். நோயைத் தீர்மானித்து மருந்து எழுத முடியாது. முன்பு பல வருடம் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்திருந்தாலும் அந்த அனுபவம் இங்கே கைகொடுக்காது. எந்தப் படிப்பு, எந்தச் சான்று என்பதுதான் கேள்வி.

சரி, குடும்பப் பிரிவுக்காரர் என்றால் எல்லா வயதையும் பார்க்கலாமே? வயதைப் பொறுத்தவரை ஆமாம். ஆனால் அவர் படித்தது ஆரம்பநிலைப் பராமரிப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளியை நடத்துவது வேறு படிப்பு, வேறு சான்று. இங்கே கட்டிடமோ வார்டின் பெயரோ கணக்கில்லை, நோயாளி எவ்வளவு நிலையற்று இருக்கிறார் என்பதுதான் கணக்கு. ஆள் பற்றாக்குறையில் மருத்துவமனைகள் இதைக் கண்டுகொள்ளாமல் வேலைக்கு எடுப்பதும் உண்டு. புகார் என்று வந்தால் உரிமம் தந்த செவிலியர் வாரியம் கேட்பது செவிலியரைத்தான். “நிர்வாகம் செய்யச் சொன்னது” என்ற பதில் எடுபடாது.

ஆக வயது ஒரு பக்கம், நோயின் தீவிரம் இன்னொரு பக்கம். நீளம், அகலம் இரண்டும் இருக்கும் ஒன்றைக் கோடு என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் பரப்பு என்கிறேன். பணிப்பரப்பு.

> எங்கட பக்கம் பரப்பு எண்டால் காணி. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். வாசிக்கிற ஆக்கள் குழம்ப மாட்டினமோ?

யாழ்ப்பாணத்து நண்பர் தடையாகச் சொன்னது எனக்குத் துணையாகவே படுகிறது. காணி உறுதியில் இத்தனை பரப்பு என்று எழுதியிருக்கும். அத்தனையிலும் பயிர் வைக்கிறோமா என்பது வேறு கதை. சட்டம் கொடுத்த பரப்பு ஒன்று, அதற்குள் மருத்துவமனை அனுமதிக்கும் பகுதி ஒன்று, அதற்குள்ளும் தன் கைக்குப் பழகியது ஒன்று. இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் அமைப்பை ‘எல்லை’ என்ற சொல்லால் காட்ட முடியவில்லை. பணிப்பரப்பு, அனுமதித்த பரப்பு, பழகிய பரப்பு என்றால் யாருக்கும் புரியும்.

இதில் சட்டம் தரும் பரப்பே ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். டெக்சஸ் மாநிலத்து எல் பாஸோவில் ஒரு நர்ஸ் பிராக்டிஷனர் மருந்து எழுத வேண்டுமென்றால் மருத்துவரோடு எழுத்து உடன்படிக்கை வேண்டும். மார்ஃபின் போன்ற, கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட ‘இரண்டாம் அட்டவணை’ மருந்துகளை மருத்துவமனை, இறுதிக்காலப் பராமரிப்பு போன்ற சில இடங்களுக்கு வெளியே எழுத முடியாது. ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் லாஸ் குருசஸ். அது நியூ மெக்சிகோ. அந்த மாநில உரிமம் வாங்கிவிட்டால் அங்கே மருத்துவரின் கையெழுத்தே தேவையில்லை. படிப்பு, தேர்வு எல்லாம் ஒன்றுதான். அவருடைய திறமை வழியில் எங்கும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அங்கே மாநிலங்களை மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள். தனித்து இயங்கவிடும் மாநிலம், ஏதாவது ஓர் அம்சத்திலாவது மருத்துவரோடு உடன்படிக்கை கேட்கும் மாநிலம், மருத்துவரின் மேற்பார்வையோ, அவர் தன் வேலையை ஒப்படைக்கும் பணி ஒப்படைப்போ இருந்தே தீர வேண்டும் என்கிற மாநிலம். பரப்பை ஏற்றுக்கொண்டால் இவை முழுப்பரப்பு, குறைபரப்பு, கட்டுப்பரப்பு என்று தானாக அமைந்துவிடுகின்றன. எல்லையை வைத்து இப்படி மூன்று சொல் செய்து பாருங்கள், நாக்கு முறுக்கிக்கொள்ளும். இந்த வகைகள் நிலையானவையும் இல்லை. நியூயார்க் 2022-ல் 3,600 மணி நேர அனுபவம் உள்ளவர்களுக்கு உடன்படிக்கையை நீக்கியது. கலிஃபோர்னியா 2020-ல் சட்டம் இயற்றி 2023 முதல் படிப்படியாகத் தளர்த்துகிறது. அகராதியில் மாநிலப் பெயர்களை எடுத்துக்காட்டாகப் போடுகிறவர்கள் ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

அடுத்து, ஆளின் பெயர், அதாவது ‘அட்வான்ஸ்டு பிராக்டிஸ் நர்ஸ்’. வந்தவை: உயர்நிலைச் செவிலியர், மூத்த செவிலியர், சிறப்புச் செவிலியர், மேம்பணிச் செவிலியர். ‘உயர்நிலை’ பதவி உயர்வு மாதிரி ஒலிக்கிறது, கண்காணிப்பாளர் என்று நினைத்துக்கொள்வார்கள். ‘மூத்த’ என்றால் சர்வீஸ் கணக்கு. ‘சிறப்பு’ இதயப் பிரிவு, டயாலிசிஸ் பிரிவு என்று ஏற்கெனவே புழங்குகிறது. ‘மேம்பணி’ நல்ல சொல்தான், ஆனால் எனக்கு நெடுஞ்சாலைத் துறையின் மேம்பாலப் பணி ஞாபகம் வந்து தொலைக்கிறது.

என் பரிந்துரை விரிபணிச் செவிலியர். விரிபணி, வினைத்தொகை. விரிந்தது, விரிகிறது, இன்னும் விரியும். பணிப்பரப்போடு ஒரே குடும்பமாகவும் நிற்கும்.

சிங்கப்பூர் அக்கா இதற்கு, “விரிபணின்னா இன்னும் நாலு வேலைய நம்ம தலையில கட்டுறாங்கன்னு நினைச்சுக்குவாங்க” என்று எழுதியிருந்தார். அனுபவத்தில் பேசுகிறார், மறுக்க முடியாது. ஆனாலும் அந்தப் பயம் சொல்லால் வருவதில்லை. பொறுப்பைக் கூட்டிவிட்டு அதிகாரத்தையும் ஊதியத்தையும் கூட்டாமல் விட்டால் எந்தப் பெயர் வைத்தாலும் வரும். அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரே நர்ஸ் பிராக்டிஷனர்கள் தம் பெயரில் செய்யும் வேலைக்கு மருத்துவர் கட்டணத்தில் 85 சதவீதம்தான் தருகிறது. சிங்கப்பூரில் தாதி, தாதிமை என்றே புழங்குவதால் அங்கே ‘விரிபணித் தாதி’ என்று மாற்றிக்கொள்வதில் தடையில்லை. அங்கே இந்தப் பட்டத்துக்குச் சட்டப்படி தனிப் பதிவு இருக்கிறது, 2018 முதல் கூடுதல் பயிற்சி முடித்தவர்கள் கூட்டு ஏற்பாட்டின் கீழ் மருந்தும் எழுதுகிறார்கள். ஆகவே சொல் முதலில் தேவைப்படப்போவது அவர்களுக்குத்தான்.

நர்ஸ் பிராக்டிஷனருக்குத் தனியாக ஒரு சொல் வேண்டும். ‘மருத்துவச் செவிலியர்’ வேண்டாம், அது வீண் சண்டைக்கு இழுக்கும். ‘நோய்நாடு செவிலியர்’ எப்படி? நோய்நாடி நோய்முதல் நாடி என்று குறளே வழிவிட்டிருக்கிறது. அதே அதிகாரத்தின் கடைசிக் குறளில் நோயாளி, தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்று நான்கையும் சமமாக அடுக்கியிருப்பதையும் கவனியுங்கள். உழைச்செல்வான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவன், இன்றைய செவிலியர். அவன் மருத்துவனுக்குக் கீழே என்று அங்கே சொல்லவில்லை. (இதைச் சொன்னால் குழுவில் உள்ள மருத்துவர்கள் என்மேல் பாய்வார்கள். பாயட்டும்.)

அவர்கள் பாய்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எது மருத்துவம், எது செவிலியம் என்ற வழக்கு பழையது. செவிலியர் மயக்க மருந்து கொடுப்பது சட்டவிரோதமாக மருத்துவம் செய்வதாகும் என்று மருத்துவர்களே வழக்குப் போட்டார்கள். 1936-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அப்படி ஆகாது என்றது. ஆனால் அறுவை மருத்துவரின் மேற்பார்வையில் கொடுக்கிறார் என்பதைக் காரணம் காட்டியே அப்படிச் சொன்னது. வென்றதும் மேற்பார்வையால்தான், பிறகு பல காலம் போராட வேண்டியிருந்ததும் அதே மேற்பார்வையோடுதான். மயக்க மருந்து கொடுக்கும் செவிலியருக்கு மருத்துவர் மேற்பார்வை வேண்டும் என்ற மெடிகேர் விதியிலிருந்து மாநில ஆளுநர் விரும்பினால் விலகலாம் என்று 2001-ல் வந்தது. முதலில் விலகியது அயோவா.

இந்தியா பற்றிச் சுருக்கமாக. இங்கே தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பை இந்திய செவிலியர் மன்றம் 2016-17 வாக்கில் கொண்டுவந்தது, இரண்டு ஆண்டுகள். படித்தவர் மருத்துவமனையின் நெறிமுறைக்கு உட்பட்டுத்தான் மருந்து விஷயத்தில் இயங்க முடியும். 2019-ன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 32-ஆம் பிரிவில் ‘சமுதாய நலவாழ்வு வழங்குநர்’ என்று ஒரு வகையினருக்கு வரம்புள்ள உரிமம் பேசுகிறது. ஆரம்பநிலை, தடுப்புநிலைப் பராமரிப்பில் குறிப்பிட்ட மருந்துகளைத் தாமே எழுதலாம், மற்றபடி மருத்துவரின் மேற்பார்வையில். 1947-ன் செவிலியர் மன்றச் சட்டத்துக்கு மாற்றாக 2023-ல் புதிய ஆணையச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது. தமிழ்நாட்டில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்று ஒரு பதவி இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ‘இடைநிலை’யை விரிபணிச் செவிலியர் மேல் ஒட்டவேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். அது வேறு பணி, படிப்பும் வேறு.

ஒரு விஷயத்தில் தமிழுக்கு அதிர்ஷ்டம். செவிலியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று அமெரிக்காவில் வழக்கு வரை போகிறார்கள். நமக்கு முனைவர் வேறு, மருத்துவர் வேறு. சட்டைப் பட்டையில் தமிழில் எழுதிவிட்டால் பாதித் தகராறு தீர்ந்தது. பேச்சில் எல்லாரும் டாக்டர்தான் என்பது மீதிப் பாதி.

மற்றவற்றில் பெரிய சிக்கல் தெரியவில்லை. கூட்டுப்பணி உடன்படிக்கை, மருந்தெழுதும் அதிகாரம், பட்டப்பெயர்க் காப்பு, பணி ஒப்படைப்பு. இவற்றுக்கு மாற்று இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

மாட்டிக்கொண்டிருப்பது ‘பிரிவிலேஜிங்’. இன்ன நடைமுறையை இன்னார் இங்கே செய்யலாம் என்று மருத்துவமனை கொடுக்கும் அனுமதி. ‘சலுகை’ என்று போட்டால் பொருள் கெட்டுவிடும், இதில் சலுகை எதுவும் இல்லை. இப்போதைக்குச் ‘செயலனுமதி’ என்று குறித்திருக்கிறேன், மனது ஒப்பவில்லை. மருத்துவமனைத் தரச் சான்றான என்.ஏ.பி.எச். ஆய்வுக்காக இந்தக் கோப்புகளைத் தயாரிக்கும் செவிலியர்கள் குழுவில் யாராவது இருந்தால், வார்டில் தமிழில் பேசிக்கொள்ளும்போது இதை என்னவென்று சொல்கிறீர்கள் என்று எழுதுங்களேன்.

அன்புடன்.