புதுப்பிப்பு: தோளை விட்டு இறங்காத கிளி

எங்கள் கன்யூர் கிளி தோளில் ஏறிக்கொண்டு, இறக்கப் போனால் கடிக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது பரவாயில்லை. தோளுக்குத் தடை; கையும் ஸ்டாண்டும் மட்டும்தான். முழங்கையைத் தாண்டினால் பேசாமல் ஸ்டாண்டில் விட்டுவிடுகிறோம். சொன்னதும் இறங்கினால் ஒரு சூரியகாந்தி விதை. கடிப்பதற்கு முன் கண்மணி சட்சட்டென்று சுருங்கி விரியும், கழுத்து இறகு சிலிர்க்கும். அப்போது கையை நீட்டுவதே இல்லை. கத்தினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திட்டினாலும் அதற்குக் குஷிதான்! சமையலறையில் மட்டும் சமரசமே கிடையாது: நான்-ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகையே பறவையைக் கொன்றுவிடும். அப்புறம் அந்தத் திரைச்சீலைக் கம்பி... அதை மட்டும் விட்டுத்தர மாட்டேன் என்கிறார் எங்கள் கிளித் துரை.