வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி: இலக்கை எந்த அடிப்படையில் முடிவு செய்வது?

குடியாத்தம் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். வேலூரில் உள்ள ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். அம்மா பீடி சுற்றிச் சேர்க்கும் பணத்தில்தான் கல்விக் கட்டணம் கட்டுகிறோம். வீட்டில் டி.என்.பி.எஸ்.சி. எழுதி அரசு வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். எனக்கு ஆய்வகம் பிடித்திருப்பதால் எம்.எஸ்சி. படிக்கலாம் என்றும், ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தொழிற்சாலை ஆய்வகத்தில் சேரலாம் என்றும் மாறி மாறித் தோன்றுகிறது. மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பதால் எதிலும் ஆழம் கூடவில்லை. எப்படி முடிவு செய்வது, எஞ்சிய மூன்று பருவங்களை எப்படிப் பயன்படுத்துவது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

ராணிப்பேட்டை ஆய்வகப் பணியாளர்:
தங்கைக்கு வணக்கம். ஒரு வேலையின் பெயரை வைத்து முடிவெடுக்காமல், அந்த வேலையில் இருப்பவர் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார் என்று பார்த்து முடிவெடுங்கள். தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களில் எங்கள் வேலை பெரும்பாலும் நீர்ப் பரிசோதனைதான்: கரைந்த உப்பு, குரோமியம், வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கழிவை வேதிப்பொருளால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்), உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (அதை நுண்ணுயிர்கள் சிதைக்க எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) ஆகியவற்றை அளக்கிறோம். கடைசியாகச் சொன்னதற்கு மாதிரியை 27 டிகிரி செல்சியசில் 3 நாள் வைத்திருந்த பிறகே முடிவு கிடைக்கும். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் (III) என்ற வடிவம் வேறு, அதைவிடப் பன்மடங்கு நச்சான குரோமியம் (VI) வேறு; இரண்டையும் தனித்தனியே அளந்து சொல்வதில் தேர்ச்சி வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு நம் மண்ணின் குடிநீருக்காக நடந்தது என்பதால், இந்தப் பரிசோதனையை நான் வெறும் சம்பள வேலையாக நினைப்பதில்லை. ஆனால் ஒரே சோதனையை நாள்தோறும் அதே கவனத்துடன் செய்ய உங்களுக்கு மனம் இருக்கிறதா என்பது நேரில் வந்தால்தான் தெரியும். துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கி, கோடை விடுமுறையில் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள்.

காட்பாடி அரசு ஊழியர்:
வீட்டாரின் கவலையும் நியாயமானது. அதைத் தள்ளிவிட வேண்டாம். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்பதால், வயது வரம்புக்குள் இருந்தால் படித்துக்கொண்டே எழுதலாம். குரூப் 2-க்குப் பட்டம் வேண்டும். குரூப் 4-இல் தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 மதிப்பெண்ணாவது பெறாவிட்டால் மற்றப் பகுதியின் விடைகள் திருத்தப்படுவதில்லை. ஆகவே பள்ளித் தமிழ்ப் பாடநூல்களிலிருந்து தொடங்குங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்புகள் நடக்கின்றன. இந்த முயற்சிக்கு எத்தனை ஆண்டு என்பதை மட்டும் வீட்டாருடன் பேசி முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அப்படி எல்லை வைக்காமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
ராணிப்பேட்டை நண்பரின் கருத்தில் ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். இருபது வயதில் ஒரு வேலையின் அன்றாடத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், இன்னும் கற்காத பாடங்கள் திறக்கக்கூடிய வழிகள் கணக்கில் வராமல் போய்விடும். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வை இறுதியாண்டு மாணவர்களே எழுதலாம். மூன்று மணி நேரத்தில் 60 வினாக்கள், 100 மதிப்பெண்கள். அதற்குப் படிக்கும் பகுப்பாய்வு வேதியியல் தொழிற்சாலை ஆய்வகத்திலும் பயன்படும். எனவே உங்கள் மூன்று வழிகளில் இரண்டுக்குத் தயாரிப்பு ஏறத்தாழ ஒன்றே. அதையே முதன்மையாகக் கொண்டு, போட்டித் தேர்வுக்கு வார இறுதியை மட்டும் ஒதுக்குங்கள். நம் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இயற்பிய வேதியியல் கணக்குகளில்தான். வெப்ப இயக்கவியலையும் வேதி வினைவேகவியலையும் இந்தப் பருவத்திலேயே முடித்துவிடுங்கள்.

குடியாத்தம் மாணவி:
மூவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி ஜாம் பாடத்திட்டத்தையே முதன்மையாகக் கொள்கிறேன். பயிற்சிக் கடிதத்துக்குத் துறைத் தலைவரிடம் கேட்கிறேன். குரூப் 4-ஐ அறிவிப்பு வந்ததும் எழுதுவதாகவும், பட்டம் முடித்த பின் இரண்டு ஆண்டுக்கு மேல் அதற்காகக் காத்திருப்பதில்லை என்றும் அம்மாவிடம் பேசிவிட்டேன், அவர் ஒப்புக்கொண்டார். நுண்கணிதத்தில் நான் பலவீனமாக இருக்கிறேன். வெப்ப இயக்கவியலைத் தொடங்கும் முன் அதில் எவற்றைப் படிக்க வேண்டும், ஐயா?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
பகுதி வகையிடலும், 1/x-ஐத் தொகையிட்டு மடக்கை பெறுவதும் போதும். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூல்களிலேயே இவை இருக்கின்றன.